ஆப்பிரிக்கப் பத்திரிகையாளர்கள், உலகமயமாக்கல், தொழிற்சங்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டுச் செய்தி மேசையில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். இப்போது இதழியல் மாணவர்களுக்கு அவ்வப்போது வகுப்பெடுக்கிறேன். ஆப்பிரிக்கச் செய்தியாளர்களின் வேலை நிலைமை பற்றிப் பேச்சு வந்தால் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை வைத்துவிட்டு, எனக்குத் தெரிந்த வரையில் பதில் எழுதியிருக்கிறேன்.

ஆப்பிரிக்கான்னு ஒரே ஊர் மாதிரி சொல்றீங்களே, அங்க 54 நாடு இருக்கு. எல்லா இடத்திலயும் ஒரே நிலைமையா?

இல்லவே இல்லை. எகிப்தில் பத்திரிகையாளர் சங்கம் 1941இல் பிறந்தது. கானாவில் 1949, நைஜீரியாவில் 1955. இரண்டுமே அந்த நாடுகள் சுதந்திரம் அடைவதற்கு முன்பே. மறுபக்கம் எரித்திரியாவைப் பாருங்கள். 2001 செப்டம்பரில் தனியார் பத்திரிகைகள் எல்லாவற்றையும் அரசு மூடியது, அவை திரும்ப வரவில்லை. அங்கே சங்கத்தைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

அதனால் இங்கே நான் பெரும்பாலும் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, செனகல், துனீசியா ஆகிய ஐந்து நாடுகளை வைத்துத்தான் பேசுகிறேன். மற்ற நாடுகளுக்கு இதை அப்படியே பொருத்திவிடாதீர்கள்.

உலகமயமாக்கல்னா இங்க எதைச் சொல்றீங்க? எந்த வருஷத்திலிருந்து கணக்கு?

1990களின் தொடக்கத்திலிருந்து. 1991 மே 3 அன்று நமீபியாவின் விண்ட்ஹூக் நகரில் ஆப்பிரிக்கப் பத்திரிகையாளர்கள் கூடி, சுதந்திரமான, பன்மைத்தன்மையுள்ள பத்திரிகைகள் வேண்டும் என்று ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளாக மே 3ஐக் கொண்டாடுவது அதனால்தான். அதே காலத்தில் உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் கடனுக்கு நிபந்தனையாக அரசுச் செலவைக் குறை, சந்தையைத் திற என்று நெருக்கிக்கொண்டிருந்தன. நைஜீரியாவில் 1992இல் தனியார் வானொலி, தொலைக்காட்சிக்கு வழி திறந்தது. சுதந்திரமும் சந்தையும் ஒரே கதவு வழியாக உள்ளே வந்தன என்பதால், எதை வரவேற்பது, எதைச் சந்தேகப்படுவது என்று அன்று பலருக்கும் பிடிபடவில்லை.

காசு விஷயத்தில் இது எப்படி இடித்தது என்பதற்கு ஓர் உதாரணம். 1994 ஜனவரியில் மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகள் பல பயன்படுத்தும் சிஎஃப்ஏ பிராங்க் என்ற நாணயத்தின் மதிப்பை செனகல் தலைநகர் டாக்காரில் கூடிப் பாதியாகக் குறைத்தார்கள். ஒரு பிரெஞ்சு பிராங்குக்கு 50 சிஎஃப்ஏ என்றிருந்தது ஒரே இரவில் 100 ஆனது. அச்சுத் தாள், மை, தகடு எல்லாமே இறக்குமதி. தாள்காரன் காத்திருக்க மாட்டான், நிருபர் காத்திருப்பார். எனவே முதலில் தள்ளிப்போனது சம்பளம்தான். தாள் இறக்குமதிக்கு மாற்றாக நைஜீரியா ஏற்கெனவே 1986இல் ஓகு இபோகுவில் சொந்தமாக ஒரு தாள் ஆலையைத் திறந்திருந்தது. 90களிலேயே அது நின்றுபோனது. 2023இல் தன் நாணயமான நைராவைச் சந்தையின் போக்குக்கு விட்டபோது அங்கே நாளிதழ்களுக்குக் கிட்டத்தட்ட அதே கதை மறுபடி நடந்தது.

தனியார் டிவி, பத்திரிகை பெருகினா வேலையும் பெருகும்தானே? அதுல என்ன கெடுதல்?

வேலை பெருகியது உண்மை. வேலைக்கான ஒப்பந்தம் பெருகவில்லை. அரசு வானொலியில் நிரந்தரப் பணி, ஓய்வூதியம் என்று இருந்த இடத்துக்குப் பக்கத்தில், எழுதிய செய்திக்கு மட்டும் காசு என்ற பெரிய கூட்டம் உருவானது. பிரெஞ்சு பேசும் நாடுகளில் இவர்களைப் 'பிஜிஸ்ட்' என்பார்கள். கென்யாவில் 'கரெஸ்பாண்டன்ட்' என்றால் பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது சம்பளப் பட்டியலில் இல்லாத மாவட்ட நிருபர்.

கிசுமு நகரில் அப்படி ஒருவரின் ஒரு நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலையில் மடாட்டு வண்டிக்குக் கைக்காசு. மாவட்டப் பேரவையில் பாதி நாள். செய்தியையும் படத்தையும் அனுப்ப டேட்டா, அதுவும் கைக்காசு. இரவு நைரோபியில் பக்கம் முடிக்கும் துணையாசிரியர் நாலு பத்தியை இரண்டாக்குகிறார், அல்லது விளம்பரம் வந்துவிட்டதென்று மொத்தமாக எடுத்துவிடுகிறார். வெளிவந்ததற்குத்தான் பணம். வராததற்கு மடாட்டுக் காசும் திரும்பாது. சில நாடுகளில் இதற்கும் கீழே போன முதலாளிகள் உண்டு. அடையாள அட்டையைக் கையில் கொடுத்து, "இதை வைத்துப் பிழைத்துக்கொள்" என்பது நைஜீரியப் பத்திரிகை உலகில் எல்லோருக்கும் தெரிந்த கசப்பான பேச்சு.

கவர் வாங்கிட்டு எழுதறவங்களுக்கு எதுக்குங்க சங்கம்?

இந்தக் கேள்வி வராத வகுப்பே இல்லை. நாம் 'கவர்' என்பதற்கு நைஜீரியாவில் 'பழுப்பு உறை' என்று பெயர். கானாவில் 'சோலி', அதாவது 'சாலிடாரிட்டி' (ஒருமைப்பாடு) என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். கேமரூனில் 'கோம்போ', அதாவது வெண்டைக்காய். காங்கோவில் 'கூப்பாஜ்'. ஊருக்கொரு செல்லப்பெயர் வைக்கும் அளவுக்குப் பழகிப்போன விஷயம். ஓட்டல் அரங்கில் செய்தியாளர் சந்திப்பு முடியும், வாசலில் பதிவேட்டில் பெயர் எழுதுவார்கள், அறிக்கைத் தாளோடு உறையும் கைக்கு வரும்.

வாங்குவது தவறு என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் மேலே சொன்ன கிசுமுக் கணக்கில் அந்த உறையைச் சேர்த்துப் பாருங்கள். அது செய்தியாளருக்கு மட்டுமான லாபம் இல்லை. அவருடைய பயணச் செலவை ஓர் அரசியல்வாதியோ ஒரு நிறுவனமோ கொடுத்துவிடுவதால், கொடுக்கவேண்டிய முதலாளி தப்பித்துக்கொள்கிறார். சம்பளம் ஒழுங்காக இருக்கிற இடத்தில்தான் 'வாங்காதே' என்ற விதியைக் கண்டிப்பாக அமல்படுத்த முடியும். அப்படிப்பட்ட சம்பளத்தைக் கேட்டு வாங்கத்தான் சங்கம்.

வெளிநாட்டு முதலாளி வந்தா சம்பளம் உயரும்னு சொல்றாங்களே?

தென்னாப்பிரிக்காவைப் பார்ப்போம். நிறவெறி ஆட்சி முடிந்த 1994இல், ஜோகன்னஸ்பர்கின் 'தி ஸ்டார்' உள்ளிட்ட ஆர்கஸ் குழும நாளிதழ்கள் அயர்லாந்தின் இன்டிபென்டன்ட் நியூஸ் அண்டு மீடியா கைக்குப் போயின. முதலில் நம்பிக்கைதான். ஆனால் அந்த நிறுவனம் டப்ளினில் கடனுக்கு மேல் கடன் வாங்கியிருந்தது. 2009 மே மாதம் 20 கோடி யூரோ கடன் பத்திரத்தை உரிய நாளில் திருப்பிக் கட்ட முடியாமல் தடுமாறியது. அயர்லாந்துக் கடனின் அழுத்தம் ஜோகன்னஸ்பர்கின் செய்தி அறைக்குச் செலவுக் குறைப்பாக வந்து சேர்ந்தது. கடைசியில் 2013இல் 200 கோடி ராண்டுக்கு செகுன்ஜாலோ என்ற உள்ளூர்க் குழுமத்துக்கு விற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு தென்னாப்பிரிக்க அரசு ஊழியர்களின் ஓய்வூதிய நிதியிலிருந்தும், இன்னொரு பங்கு சீன முதலீட்டாளர்களிடமிருந்தும் வந்தது. இதில் சங்கம் யாரோடு உட்கார்ந்து பேசுவது? கையெழுத்துப் போடுகிற மேலாளர் உள்ளூரில் இருக்கிறார். முடிவு எடுக்கிறவர் வேறு நேர மண்டலத்தில்.

இதைவிட விசித்திரமானது நாஸ்பர்ஸ். 1915இல் ஆப்பிரிகான்ஸ் மொழிப் பத்திரிகைக்காகத் தொடங்கிய நிறுவனம். 2001இல் டென்சென்ட் என்ற சின்னச் சீன இணைய நிறுவனத்தில் சுமார் 3.2 கோடி டாலருக்குப் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கை வாங்கியது. உலகத்திலேயே மிக அதிகமாகப் பலன் தந்த முதலீடுகளில் அதுவும் ஒன்று. ஆனால் 2024 ஜூனில், 1974இல் தொடங்கிய 'பீல்ட்' நாளிதழ் உட்பட பல இதழ்களின் அச்சுப் பதிப்பை நிறுத்தப்போவதாக அதே குழுமத்தின் மீடியா24 அறிவித்தது. பணம் இல்லாமல் எடுத்த முடிவு இல்லை அது. பணம் வேறு இடத்தில் அதிகமாகப் பெருகும் என்பதால் எடுத்த முடிவு. ஜோகன்னஸ்பர்கின் விட்ஸ் பல்கலைக்கழகத்தின் 2018 அறிக்கை, தென்னாப்பிரிக்காவில் முழுநேரப் பத்திரிகையாளர் எண்ணிக்கை பத்தாண்டில் சுமார் 10,000த்திலிருந்து 5,000 ஆகிவிட்டது என்றது.

சரி, பிபிசி, விஓஏன்னு இருக்கறவங்க கொடுத்து வச்சவங்கதானே?

உள்ளூர்ச் சம்பளத்தோடு ஒப்பிட்டால், நிரந்தரப் பணியில் இருப்பவர்கள் ஆமாம். 2018இல் பிபிசி நைரோபியில் திறந்த அலுவலகம், அன்று பிரிட்டனுக்கு வெளியே அதன் மிகப் பெரிய அலுவலகம். பயிற்சி, கருவி, நேரத்துக்குச் சம்பளம் எல்லாம் அங்கே வேறு தரம். ஆனால் விசை வேறிடத்தில் இருக்கிறது. 2022 செப்டம்பரில் செலவைக் குறைக்க பிபிசி உலகச் சேவை 382 பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. ஆப்பிரிக்காவுக்கான ஒரு டிவி நிகழ்ச்சியை லண்டனிலிருந்து நைரோபிக்கு மாற்றுவதும் அதே அறிவிப்பில் இருந்தது. லண்டனில் போகிற வேலைக்காக பிரிட்டிஷ் சங்கம் போராடும், நைரோபிக்கு வருகிற வேலை கென்ய விதிமுறையில் வரும். இரண்டு தொழிலாளர்களை எதிரெதிராக நிறுத்திவிடுகிற ஏற்பாடு இது.

விஓஏ, அதாவது அமெரிக்க அரசுப் பணத்தில் நடக்கும் 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா', அதன் கதை இன்னும் கொடுமை. 2025 மார்ச் நடுவில் ஓர் அமெரிக்க அதிபர் ஆணையால் அந்த வானொலி அப்படியே ஓய்ந்தது. ஹவுசா, சுவாஹிலி உட்பட ஆப்பிரிக்க மொழி ஒலிபரப்புகளும்தான். அமெரிக்காவில் இருந்த ஊழியர்களும் அவர்களுடைய சங்கங்களும் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடையும் வாங்கினார்கள். ஏதோ ஓர் ஆப்பிரிக்க ஊரிலிருந்து ஒலித்துண்டு அனுப்பிக் காசு வாங்கிக்கொண்டிருந்த பகுதிநேர நிருபர் எந்த நீதிமன்றத்துக்குப் போவார்?

அரசு உதவி, நன்கொடையில நடக்கிற சுதந்திர ஊடகங்கள் தேவலாமா?

முதலாளி லாபம் கேட்கமாட்டார் என்பது வசதி. ஆனால் 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தபோது, சுதந்திர ஊடகங்களுக்கென்று அந்த ஆண்டு ஒதுக்கியிருந்த சுமார் 26.8 கோடி டாலரும் சேர்ந்து உறைந்ததாக எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு சொன்னது. நன்கொடையில் ஓடும் செய்தி அறையில் ஒப்பந்தம் திட்டத்தின் ஆயுளுக்குத்தான். திட்டம் முடிந்தால் பணிநீக்கம்கூட இல்லை, 'புதுப்பிக்கவில்லை', அவ்வளவுதான்.

சீனாக்காரங்க வந்ததும் எல்லாம் மாறிடுச்சாமே?

கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள். சீன அரசுத் தொலைக்காட்சி 2012 ஜனவரியில் நைரோபியில் அலுவலகம் திறந்து, கென்யச் செய்தியாளர்களை நல்ல சம்பளத்தில் எடுத்தது. சிக்கல் வேறு வகை. தென்னாப்பிரிக்காவில் மேலே சொன்ன இன்டிபென்டன்ட் குழுமத்தில், 2018இல் சீனாவின் உய்குர் முஸ்லிம் மக்களைப் பற்றி எழுதிய ஒரு பத்தி எழுத்தாளரின் பத்தியை உடனே நிறுத்தினார்கள். பங்கு யாரிடம் இருக்கிறது என்பது சம்பளச் சீட்டில் மட்டுமல்ல, எதை எழுதலாம் என்பதிலும் தெரியும். ஆனால் இதைச் சீனாவுக்கு மட்டும் உரிய குணமாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

சங்கம் வைக்க அங்க சட்டத்துல உரிமை இருக்கா, இல்லையா?

ஏட்டில் பெரும்பாலும் இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87ஆம் உடன்படிக்கை (1948) சங்கம் சேரும் உரிமை, 98ஆம் உடன்படிக்கை (1949) கூட்டுப்பேர உரிமை. நைஜீரியாவும் தென்னாப்பிரிக்காவும் இரண்டையும் ஏற்றவை. கென்யா 98ஐ 1964இலேயே ஏற்றுவிட்டு 87ஐப் பல பத்தாண்டுகள் ஒதுக்கிவைத்தது. ஆனால் அதன் 2010 அரசியல் சட்டத்தின் 41ஆம் பிரிவு சங்க உரிமையை வெளிப்படையாகத் தருகிறது.

இடறுவது நுணுக்கத்தில். கென்யாவின் 2007 தொழிலுறவுச் சட்டப்படி, சங்கத்தில் சேரத் தகுதியுள்ள ஊழியர்களில் பாதிக்கு மேல் சேர்ந்தால்தான் நிறுவனம் அதை அங்கீகரிக்கக் கடமைப்பட்டது. செய்தியில் பெரும்பங்கை எழுதுகிற மாவட்ட நிருபர்கள் 'ஊழியர்' இல்லை, 'சுயதொழில் செய்பவர்' என்று நிர்வாகம் சொல்லிவிட்டால்? அவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். உள்ளே இருப்பவர்களில் சிலருக்கு 'ஆசிரியர்' என்று ஒரு பட்டம் கொடுத்துவிட்டால் அவர்கள் நிர்வாகத் தரப்பு ஆகிவிடுவார்கள், அவர்களும் வரமாட்டார்கள். யாரையும் மிரட்டாமல், யாரையும் நீக்காமல், சங்கத்தைக் காகிதத்திலேயே கரைத்துவிடலாம். உலகமயமாக்கலின் மிகப் பெரிய அடி எது என்று என்னைக் கேட்டால், சம்பளக் குறைப்பைவிட இதைத்தான் சொல்வேன்.

ஃபேஸ்புக், கூகுளுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

விளம்பரப் பணம் அங்கே போனது, அது எல்லா நாட்டுக்கும் பொது. தென்னாப்பிரிக்கப் போட்டி ஆணையம் இதை 2023 அக்டோபரிலிருந்து விசாரித்து, கூகுள் ஆண்டுக்கு 30 முதல் 50 கோடி ராண்ட் வரை உள்ளூர்ச் செய்தி ஊடகங்களுக்குத் தரவேண்டும் என்று 2025 பிப்ரவரி இடைக்கால அறிக்கையில் சொன்னது. நல்ல யோசனைதான். ஆனால் அப்படி வருகிற பணம் முதலாளிக்கா, செய்தி அறைக்கா? கூட்டு ஒப்பந்தம் இல்லாத இடத்தில் பதில் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொரு சம்பந்தமும் உண்டு. நைரோபியில் சாமா என்ற ஒப்பந்த நிறுவனத்தில் உட்கார்ந்து ஃபேஸ்புக்கின் கொடூரப் படங்களை வடிகட்டியவர்கள் பத்திரிகையாளர்கள் இல்லை, ஆனால் இவர்களுடைய வழக்குதான் பாதை போட்டது. மணிக்கு ஒன்றரை டாலர் அளவுக்குக் குறைந்த சம்பளம். 2019இல் சங்கம் சேர்க்க முயன்ற தென்னாப்பிரிக்கர் டேனியல் மோட்டாங் வேலை இழந்தார், 2022 மே மாதம் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா மீது வழக்குப் போட்டார். 'நாங்கள் கென்யாவில் பதிவு செய்த நிறுவனமே இல்லை, எங்கள் மேல் இங்கே வழக்குப் போட முடியாது' என்பதுதான் மெட்டாவின் முதல் வாதம். 2024 செப்டம்பரில் கென்ய மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இடையில் 2023 மே நாளில் 150க்கும் மேற்பட்டோர் நைரோபியில் கூடிச் சங்கம் அமைக்க வாக்களித்தார்கள். 'முடிவெடுப்பவர் வேறு நாட்டில்' என்று மேலே புலம்பினேன் இல்லையா, அவரை உள்ளூர் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியும் என்பதற்கு இது முதல் சான்றுகளில் ஒன்று.

எல்லாத்துக்கும் உலகமயமாக்கல் மேலேயே பழி போடலாமா? உள்ளூர் அரசுகள் யோக்கியமா?

போடக்கூடாது. சூடானில் 1989 ராணுவப் புரட்சி சங்கங்களைக் கலைத்தது. அதற்கு எந்தப் பன்னாட்டு நிறுவனமும் தேவைப்படவில்லை. 33 ஆண்டு கழித்து 2022 ஆகஸ்டில் பத்திரிகையாளர்கள் தாங்களாகவே தேர்தல் நடத்திச் சங்கத்தை மீட்டார்கள். எட்டு மாதத்தில் போர் வந்துவிட்டது. அரசு விளம்பரத்தைக் கொடுத்தும் நிறுத்தியும் பத்திரிகைகளை ஆட்டுவிப்பதும், கொடுத்த விளம்பரத்துக்குப் பணம் தராமல் இழுப்பதும் பல நாடுகளில் சம்பளம் தாமதமாவதற்கு நேரடிக் காரணம். அரசியல்வாதியே முதலாளி என்றால் சொல்லவே வேண்டாம்.

சங்கம் எங்கயாவது ஜெயிச்சிருக்கா? இல்ல புலம்பல் மட்டும்தானா?

துனீசியாவில், 2021 ஏப்ரல். அரசுச் செய்தி நிறுவனமான தாப்புக்கு அரசு ஒருவரைத் தலைவராக நியமித்தது. ஊழியர்கள் ஏற்கவில்லை. ஏப்ரல் 13 அன்று அவரை நாற்காலியில் உட்காரவைக்க போலீஸ் அலுவலகத்துக்குள்ளேயே புகுந்தது. சங்கம் ஏப்ரல் 22க்கு வேலைநிறுத்தம் அறிவித்தது. 1961இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் அது முதல் வேலைநிறுத்தமாக இருந்திருக்கும். தேவைப்படவில்லை, 19ஆம் தேதியே அவர் விலகிவிட்டார். ஆனால் 2022 செப்டம்பரில் வந்த 54ஆம் ஆணை பொய்ச் செய்தி என்ற பெயரில் சிறைக்கு வழி செய்தது. வென்ற இடத்திலேயே நிற்க முடியவில்லை.

செனகலில் 1984இல் அமைந்த சங்கம் 1991இலேயே பத்திரிகையாளர்களுக்கென்று ஒரு கூட்டு ஒப்பந்தம் பெற்றது, அப்புறம் 2018 இறுதியில் அதைப் புதுப்பித்தது. தரம் வாரியாகக் குறைந்தபட்சச் சம்பளம் அதில் இருக்கிறது. அதை எத்தனை முதலாளிகள் மதிக்கிறார்கள் என்பது இன்றைய சண்டை. ஆனால் சண்டைபோடக் கையில் ஒரு காகிதம் இருப்பது சின்ன விஷயமில்லை.

முதலாளி உலகம் முழுக்க இருந்தா, சங்கமும் உலகம் முழுக்க இருக்கலாமே?

இருக்கிறது. பிரசல்ஸில் சர்வதேசப் பத்திரிகையாளர் கூட்டமைப்பு, அதன் ஆப்பிரிக்க அலுவலகம் டாக்காரில். ஆப்பிரிக்காவுக்கென்று தனிக் கூட்டமைப்பு 2008இல் அமைந்தது. ஒருவர் கைதானால் மறுநாள் உலகம் முழுக்க அறிக்கை வரும், அது உயிரைக் காத்ததும் உண்டு.

ஆனால் ஒரு சங்கடமான உண்மை. பல நாடுகளில் உறுப்பினருக்கே சம்பளம் ஒழுங்காக வராததால் சந்தாவும் வராது. வெளிநாட்டு நிதியில் பயிலரங்கு, பயணப்படி, ஓட்டல் மதியச் சாப்பாடு என்று சங்கம் மெல்ல ஒரு தொண்டு நிறுவனமாக மாறிவிடும். நிதி தருபவர்கள் 'தேர்தல் செய்தி சேகரிப்பு' பயிற்சிக்குத் தருவார்கள், வேலைநிறுத்த நிதிக்குத் தரமாட்டார்கள். நைஜீரியாவில் சங்கக் கிளைக்கு 'சேப்பல்' என்று பெயர், பழைய பிரிட்டிஷ் அச்சகத் தொழிலாளர் வழக்கு. அந்தச் சேப்பல் ஒரு செய்தி அறைக்குள் உயிரோடு இருக்கிறதா என்பதுதான் எனக்கு முக்கியம். தலைநகரில் எத்தனை மாநாடு நடந்தது என்பது இல்லை.

நைரோபி ஆளுக்கு லண்டன் சம்பளம் கேக்கறது நியாயமா?

அப்படி யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. கேட்பது எளிமையானது: வெளிவந்தாலும் வராவிட்டாலும் வேலைக்குக் கூலி, செலவுக்குக் காசு, காயம்பட்டால் காப்பீடு, நிறுத்தினால் முன்னறிவிப்பு. காப்பீட்டைக் குறிப்பாகச் சொல்கிறேன். வெளியிலிருந்து வரும் நிருபர் கவச உடையோடும் பாலிசியோடும் வந்து ஒரு வாரத்தில் திரும்பிவிடுவார். அவருக்கு வழிகாட்டி, மொழிபெயர்த்து, வண்டி ஓட்டிய உள்ளூர்ச் செய்தியாளர் அதே ஊரில்தான் இருந்தாகவேண்டும்.

இங்க உட்கார்ந்துகிட்டு நாம என்னதான் செய்ய முடியும்?

பெரிதாக ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று செய்யலாம். சோமாலியாவின் மொகதிசுவிலோ காங்கோவின் கோமா நகரிலோ குண்டு வெடித்தால் நம் நாளிதழ்களுக்கு அது செய்தி நிறுவனங்கள் வழியாக வருகிறது. அந்த ஆங்கிலப் பிரதியின் அடியில் செய்தி சேகரித்த உள்ளூர்க்காரரின் பெயர் பல சமயம் ஒரு வரியாக இருக்கும். தமிழில் போடும்போது அதையும் போடலாம். சங்கத்திடமோ நீதிமன்றத்திலோ 'நான் இவர்களுக்கு வேலை செய்தேன்' என்று காட்ட அவர்களிடம் சில நேரம் அதைத் தவிர ஆதாரமே இருக்காது. இடமில்லை என்று அந்த வரியை நானே எத்தனையோ இரவு வெட்டியிருக்கிறேன்.